காரைத் தூக்கும்போது மரக்கட்டை: எங்கே வைக்கலாம், எங்கே கூடாது

திண்டுக்கல்லில் எங்களுக்கு மரக்கடை. வேங்கை, கோங்கு, மருது என்று நிலைக்கும் ஜன்னலுக்கும் மரம் எடுக்க வருகிறவர்களால்தான் கடை ஓடுகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வேறு மாதிரி ஆட்கள் வருவார்கள். "அண்ணே, காரைத் தூக்கணும், ஜாக்கிக்கு ஒரு கட்டை குடுங்கண்ணே." நான் கேட்பது ஒன்றுதான்: "ஜாக்கிக்குக் கீழயா, மேலயா, இல்ல காருக்குக் கீழயா தம்பி?" பாதிப் பேர் முழிப்பார்கள். மூன்றுக்கும் ஒரே கட்டை போதும் என்று நினைத்து வந்திருப்பார்கள். வேஸ்ட் குவியலில் ஒரு துண்டைப் பொறுக்கிக் கொடுத்து அனுப்ப எனக்கு மனம் வராது. என்னிடம் இருக்கும் வேகன்ஆருக்கு ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது எல்லாம் நானே கடைக்குப் பின்னால் வைத்துச் செய்வதுதான். அதனால் மரமும் தெரியும், காரும் ஓரளவு தெரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு அல்ல. டிக்கியில் காரோடு வரும் கத்தரி ஜாக்கி சக்கரம் மாற்ற மட்டுமே என்று காரோடு வந்த புத்தகத்திலேயே போட்டிருக்கும். வண்டிக்கு அடியில் தலையோ தோளோ போவதாக இருந்தால் தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால், அதாவது ஜாக்கி ஸ்டாண்ட் வேண்டும். 2 டன், 3 டன் என்று ஜோடியாகக் கிடைக்கிறது. ஸ்டாண்ட் வாங்கத் தயங்கித்தான் பல பேர் மரக்கட்டைக்கு வருகிறார்கள். அவர்களிடம் மரம் விற்காமல் ஸ்டாண்ட் வாங்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். மரத்துக்கு வேலை இல்லை என்று சொல்ல வரவில்லை. நிறைய வேலை இருக்கிறது, அதற்கென்று இடமும் இருக்கிறது.

அந்த இடங்களில் முதலாவது, ஜாக்கிக்குக் கீழே. கத்தரி ஜாக்கியின் அடித்தகடு உள்ளங்கை அளவுதான் இருக்கும். வேகன்ஆர் மாதிரி ஒரு கார் 850-லிருந்து 900 கிலோ. இன்ஜின் முன்னால் இருப்பதால் முன்பக்கம் கனம் கூடுதல், ஒரு முன் சக்கரத்தில் மட்டும் 250 கிலோவுக்கு மேல் உட்காரும். அதாவது 25 கிலோ அரிசிச் சிப்பம் பத்தை உங்கள் உள்ளங்கை அகலத்தில் அடுக்கியது போல. மழை பெய்த செம்மண்ணில் அது இறங்காமல் என்ன செய்யும்? சித்திரை வெயிலில் மத்தியானம் தார் ரோட்டிலும் இறங்கும், தார் இளகிக் கிடக்கும். பேவர் கல் பதித்த வாசலில் ஒரு கல் மட்டும் ஒரு பக்கம் அமுங்கும், ஜாக்கி சாயும். இதற்கெல்லாம் ஒரு அடிக்கு ஒரு அடி பலகை போதும். கனம் 2 அங்குலம் இருக்கட்டும். 18 மில்லிமீட்டர் ப்ளைவுட் என்றால் மூன்றை ஒன்றின் மேல் ஒன்றாகத் திருகி முடுக்கிக்கொள்ளலாம். ப்ளைவுட்டில் ஒரு தாளின் நார் நெடுக்கிலும் அடுத்த தாளின் நார் குறுக்கிலும் ஓடுவதால் சட்டென்று பிளக்காது. துகள் பலகை, எம்டிஎஃப் இரண்டும் வேண்டாம். ஈரம் பட்டால் உப்பிப் பொடியாகிவிடும்.

பலகையின் நடுவில் ஜாக்கி நிற்க வேண்டும். ஓரத்தில் வைத்தால் பலகை ஒரு பக்கம் கிளம்பும். பார்க்கிங் டைல்ஸ் போட்ட இடமாக இருந்தால் பலகைக்கு அடியில் ஒரு ரப்பர் விரிப்பு போடுங்கள், மரம் டைல்ஸில் வழுக்கும். கேட்டுக்கு முன்னால் இருக்கும் சாய்தளத்தில் பாதி ஏறி நிற்கும் காரை அங்கேயே வைத்துத் தூக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் கட்டை கொடுத்து மட்டம் பண்ணலாம் என்று யோசிப்பார்கள். காரை நகர்த்துங்கள், அவ்வளவுதான்.

டிராலி ஜாக்கி, அதாவது சக்கரம் வைத்த ஜாக்கி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு விஷயம். அதன் கை மேலே போகும்போது நேராகப் போகாது, வளைந்து போகும். அந்த வளைவுக்கு ஏற்ப ஜாக்கி தன் சக்கரத்தில் கொஞ்சம் உருண்டு காருக்கு அடியில் நகர வேண்டும். அதனால் சின்னப் பலகையில் ஏற்றி வைத்தால் சக்கரம் விளிம்பில் தட்டி நிற்கும், மண்ணில் வைத்தால் புதைந்து நிற்கும். ஜாக்கி நகர முடியாதபோது மேலே இருக்கும் கிண்ணம் காரை இழுக்கும், அல்லது நழுவும். டிராலி ஜாக்கிக்கு நீளமான, வழவழப்பான ப்ளைவுட் விரியுங்கள். அதன் சக்கரத்துக்கு அண்டை கொடுக்காதீர்கள்.

இரண்டாவது இடம், தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை. இதைத்தான் எல்லோரும் அலட்சியம் செய்கிறார்கள். "ஹேண்ட் பிரேக் போட்டாச்சு, கியர்ல போட்டாச்சு, அப்புறம் என்ன?" என்பார்கள். சின்னக் கார்களில் பெரும்பாலும் இன்ஜின் சுற்றுவது முன் சக்கரத்தை, ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரத்தை. ஒரு முன் சக்கரத்தைத் தூக்கியதும் கியர் செத்துப்போகிறது. இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் இருப்பதால் அந்தரத்தில் இருக்கும் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றிக்கொள்ளும், தரையில் இருக்கும் சக்கரம் தாராளமாக உருளும். அப்போது வண்டியை நிறுத்தி வைத்திருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும்தான். பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கினால் கதை தலைகீழ்: ஹேண்ட் பிரேக் இருந்தும் இல்லாத கணக்கு. எந்தப் பக்கம் தூக்கினாலும் இரண்டு தடையில் ஒன்று வேலை செய்யாது என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது முன் சக்கரத்தைத் தூக்கினால் இடது பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. முன்னால் மட்டும் வைத்தால் போதாது, கார் பின்னாலும் உருளும்.

முட்டுக்கட்டையை 5 அங்குலச் சதுரச் சட்டத்தில் சாய்வாக அறுத்துத் தருவோம். நார் கட்டையின் நீளவாக்கில் ஓட வேண்டும். சாய்வுப் பக்கம் டயரைத் தொடட்டும். அடிப்பக்கம் இழைத்து வழவழப்பாக இருக்கக் கூடாது, ரம்பம் பட்ட கரகரப்போடு இருப்பதே நல்லது. பழைய டயர்த் துண்டு ஒன்றை அடியில் திருகினால் இன்னும் நல்லது. கருங்கல்லை வைப்பது நம் ஊர் லாரிக்காரர்கள் பழக்கம். கல் உருளும். அதைவிட மோசம், வேலை முடிந்ததும் கல்லை ரோட்டிலேயே விட்டுப் போவது. இரவில் பைக்கில் வருகிறவன் அதில் ஏறி விழுவான். கட்டையோ கல்லோ, கிளம்பும்போது எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

மூன்றாவது இடம்தான் மரம் நன்றாகப் பேர் வாங்கும் இடம். சக்கரத்துக்கு அடியில். ஒரு பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றாமலேயே, அதன் அடியில் மரத்தை அடுக்கி, டயரோடு காரை அதன்மேல் இறக்கிவிடுவது. ஆயில் மாற்றவும், அடியில் துரு பார்க்கவும், சைலன்சர் கிளாம்ப் முடுக்கவும் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதே இல்லை. டயரின் ரப்பர் மரத்தை நன்றாகப் பிடிக்கும். பாடித் தகடு நெளியும் பயமும் கிடையாது.

அடுக்கும் முறை எங்கள் கடையில் அறுத்த சட்டங்களைக் காய வைக்க அடுக்குவதேதான். இரண்டு நெடுக்காக, அதன்மேல் இரண்டு குறுக்காக, மறுபடி இரண்டு நெடுக்காக. 4 அங்குலச் சதுரச் சட்டம், ஒவ்வொன்றும் ஒன்றரை அடி நீளம். எல்லாம் ஒரே கனம் இருக்க வேண்டும். கால் அங்குலம் வித்தியாசம் இருந்தாலும் ஒரு மூலை ஆடும், தட்டிப் பார்த்தாலே தெரியும். குறுக்குச் சட்டத்தைக் கீழ்ச் சட்டத்தின் நுனியோடு நுனியாக வைக்காதீர்கள். நான்கு அங்குலமாவது உள்ளே தள்ளி வையுங்கள். நுனியில் பாரம் விழுந்தால் அங்கே சிம்பு பிரிந்து உடையும். மண் தரை என்றால் அடி வரிசையில் இரண்டுக்குப் பதில் இடைவெளி இல்லாமல் நான்கு. மேல் வரிசையும் இடைவெளி இல்லாமல் நிரப்பி, டயர் நடுவில் உட்காரும்படி செய்யுங்கள்.

உயரம் எவ்வளவு போகலாம் என்று கேட்பார்கள். இடிபாடுகளில் மீட்பு வேலை செய்யும் குழுக்கள் இதே மாதிரிதான் சட்டம் அடுக்குகின்றன. அவர்கள் கணக்கில் சட்ட நீளத்தைப் போல மூன்று மடங்கு உயரம் வரைகூடப் போவதுண்டு. அவர்களுக்குப் பயிற்சி இருக்கிறது, பக்கத்தில் கண்காணிக்க ஆள் இருக்கிறது. வீட்டில் ஒன்றரை அடிச் சட்டத்துக்கு ஒரு அடி உயரத்துக்கு மேல் நான் போவதில்லை. காரும் அதற்கு மேல் எழும்பத் தேவையில்லை.

இங்கே ஒரு தப்பான பயம் உண்டு: கட்டை நசுங்கிவிடுமோ என்று. நசுங்காது. அப்படி அடுக்கிய சட்டங்கள் சந்திக்கும் நான்கு இடத்தையும் கூட்டினால் 64 சதுர அங்குலம் வருகிறது. சாதாரண மரமே அந்தப் பரப்பில் பல டன் தாங்கும். வேகன்ஆர் மாதிரி சின்னக் கார் முழுசாகவே ஒரு டன் வராது. ஆபத்து வருவது அடுக்கு சாய்வதால், கட்டை நழுவுவதால், நார் வாக்கில் பிளப்பதால். ஆகவே மரம் எவ்வளவு கெட்டி என்பதைவிட எப்படிப் படுத்திருக்கிறது என்பதைப் பாருங்கள்.

படுத்திருப்பது என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். உருட்டுக் கட்டையைச் செங்குத்தாக நிறுத்தி அதன் தலையில் காரை வைப்பவர்கள் இருக்கிறார்கள். கேட்டால், "வீட்டுத் தூணே நிக்குதேண்ணே" என்பார்கள். தூணுக்கு மேலே உத்திரம் அழுத்திப் பிடித்திருக்கிறது, கீழே கல்லில் உட்கார்ந்திருக்கிறது, வீடு அசைவதில்லை. கார் அப்படியா? ஒரு வீல் நட்டைக் கழற்றக் காலால் ஸ்பேனரை மிதித்தால் வண்டியே ஆடுகிறது. நிற்கும் கட்டை அந்த ஆட்டத்திலேயே சாயும். சாயாவிட்டால், காரின் அடிச்சட்ட விளிம்பு ஆப்பு மாதிரி கட்டையின் தலைப்பில், அதாவது அறுத்த முனையில், இறங்கி அதை இரண்டாகப் பிளக்கும்.

செங்கல், ஹாலோ பிளாக் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த வீட்டு வாசலிலும் நாலு கிடக்கும். சிமென்ட் பிளாக்கும் செங்கலும் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். ஒரு நொடி முன்புவரை நன்றாக இருக்கும், அடுத்த நொடி தூள். மரம் குறுக்கு நாரில் பாரம் வாங்கும்போது முதலில் கொஞ்சம் அமுங்கும், சத்தம் கொடுக்கும், முனகும். ஆளுக்கு வெளியே வர நேரம் கிடைக்கும். மீட்புக் குழுக்கள் பைன் மாதிரி மென்மரத்தைத் தேர்ந்தெடுப்பதும் இதனால்தான்.

அதனால் எந்த மரம் என்பதில் ரொம்பக் கெட்டி மரம்தான் வேண்டும் என்றில்லை. இருந்தாலும் எங்கள் பக்கம் கிடைப்பதில் எனக்குப் பிடித்தது புளி. அதன் நார் பின்னிப் பின்னி ஓடும், கோடாலிக்கே எளிதில் பிளக்காது. கறிக்கடைக் கட்டை அதில் செய்வது சும்மா இல்லை. வேம்பும் அப்படித்தான். கருவேலம் வண்டிச் சக்கரத்துக்கே போகும் மரம், கேள்வியே இல்லை. சீமைக்கருவேலம் கெட்டிதான், ஆனால் நேராக ஒன்றரை அடி கிடைப்பது கஷ்டம். தைலமரம் காயும்போதே வெடித்துக்கொண்டு போகும், சவுக்கும் பிளக்கும், இரண்டும் வேண்டாம். பழைய வீடு இடித்த உத்திரம் கிடைத்தால் அதிர்ஷ்டம், நன்றாகக் காய்ந்து வைரம் மட்டும் மிச்சம் இருக்கும். ஆணி இருக்கிறதா என்று மட்டும் காந்தம் ஓட்டிப் பாருங்கள். பெட்டி பிரித்த பைன் பலகையில் மரத்தின் மேல் குற்றம் இல்லை, முக்கால் அங்குலக் கனமும் துருப்பிடித்த ஆணிகளும்தான் பிரச்சனை.

தென்னந்துண்டு எந்தத் தோப்பிலும் சும்மா கிடைக்கும் என்பதால் நிறையப் பேர் அதைத்தான் உருட்டிக்கொண்டு வருகிறார்கள். தென்னையும் பனையும் வெளிவட்டம்தான் இரும்பு. உள்ளே மெத்தென்று இருக்கும், ஈரத்தில் அழுகியும் இருக்கும். போதாததற்கு உருண்டை. அடுப்புக்குக் கொடுங்கள்.

கட்டை கையில் வந்ததும் நான் பார்ப்பது: தலைப்பில் வெடிப்பு ஓடுகிறதா, அது எவ்வளவு தூரம் உள்ளே போகிறது. மயிர் கோடு பரவாயில்லை, நகம் நுழைந்தால் அந்த நீளத்தை அறுத்துத் தள்ள வேண்டும். ஸ்க்ரூடிரைவர் நுனியால் நாலு இடத்தில் குத்திப் பார்ப்பேன். உளுத்திருந்தாலோ செல்லரித்திருந்தாலோ சுலபமாக இறங்கும். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் நல்ல மரம் கணீரென்று சொல்லும், கெட்டது பொத்தென்று கேட்கும். பெரிய கணு நடுவில் இருந்தால் ஒதுக்கிவிடுவேன். ஆயில் ஊறிய கட்டை, பெயின்ட் அடித்த கட்டை இரண்டும் வழுக்கும்.

இனி ஜாக்கிக்கு மேலே. எனக்கு மனம் ஒப்பாத இடம் இது. கத்தரி ஜாக்கியின் தலையில் ஒரு பள்ளம் இருக்கும். காரின் பக்கவாட்டு அடியில் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டு விளிம்பு அந்தப் பள்ளத்தில் உட்காருவதற்காகவே அது. சக்கரத்துக்கு அருகில் அந்த விளிம்பில் இரண்டு வெட்டு அடையாளம் இருக்கும், அதற்கு நடுவில்தான் ஜாக்கி நிற்க வேண்டும். அங்கே கட்டையைச் செருகினால் பள்ளம் பிடிப்பதற்கு ஒன்றுமில்லாமல் போகிறது. உயரம் பற்றவில்லை என்றால் ஜாக்கிக்குக் கீழே பலகையை ஏற்றுங்கள், மேலே அல்ல.

டிராலி ஜாக்கிக்கு மட்டும் விதிவிலக்கு. அதன் இரும்புக் கிண்ணம் தகட்டு விளிம்பை நேராக அழுத்தினால் விளிம்பு மடங்கிவிடும். அதற்கான ரப்பர் கட்டை கடையில் கிடைக்கிறது, அதுவே நல்லது. மரத்தில்தான் செய்வேன் என்றால், கிண்ணத்துக்குள் ஆடாமல் உட்காரும் அளவுக்குக் குட்டையாக ஒரு கட்டை, 2 அங்குலக் கனம், மேலே ஒரு பள்ளம். பள்ளத்தை நாருக்குக் குறுக்காக அறுக்க வேண்டும். நார் வாக்கிலேயே அறுத்தால் தகட்டு விளிம்பு ஆப்பாகி அந்தக் கட்டையைப் பிளந்துவிடும். ஆழம் விளிம்பைவிடக் கொஞ்சம் அதிகம் இருக்கட்டும், அப்போதுதான் பாரம் பள்ளத்தின் இரு கரையிலும் விழும். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் அடையாளம் போட்ட இடத்தைத் தவிர வேறெங்கும் கட்டையும் வைக்காதீர்கள், ஜாக்கியும் வைக்காதீர்கள். பெரும்பாலும் தரைத்தகட்டுக்கு அடியில்தான் பேட்டரி.

வேலை நடக்கும் வரிசை இதுதான். காருக்குள் யாரும் இருக்கக் கூடாது. ஹேண்ட் பிரேக், கியர், முட்டுக்கட்டை. சக்கரம் கழற்றுவதாக இருந்தால் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். ஜாக்கியை ஏற்றி, டயர் தரையைவிட்டு இரண்டு விரல் கிளம்பியதும் நிறுத்துங்கள். எழுந்து தள்ளி நின்று பாருங்கள்: ஜாக்கி செங்குத்தாக நிற்கிறதா, பலகை ஒரு பக்கம் அமுங்கியிருக்கிறதா, முட்டுக்கட்டை நகர்ந்திருக்கிறதா. சந்தேகம் வந்தால் இறக்கிவிட்டு மறுபடி வையுங்கள். சரியாக இருந்தால் மேலே போகலாம். தேவையான உயரம் வந்ததும் ஸ்டாண்டையோ மர அடுக்கையோ நீளக் குச்சியால் தள்ளி வையுங்கள், கையை உள்ளே விட வேண்டாம். மெதுவாக இறக்கி பாரத்தை அதற்கு மாற்றுங்கள். பிறகு காரின் பக்கவாட்டில் கை வைத்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும்.

சக்கரத்தைக் கழற்றினால் அதைச் சுவரில் சாய்த்து வைக்காமல் காருக்கு அடியில் படுக்கப் போடுங்கள். பஞ்சர் மாற்றும்போது முதலில் ஸ்டெப்னியை உள்ளே போட்டு, கழற்றியதும் மாற்றிக்கொள்ளலாம். ஜாக்கி நழுவினால்கூட கார் ரிம்மின் மேல் உட்காரும், ஆள் தப்பிக்க வாய்ப்பு உண்டு. செலவே இல்லாத காப்பு இது.

ஆயில் மாற்ற மட்டும்தான் என்றால் ஜாக்கியே தேவையில்லாத வழி ஒன்று உண்டு. 2 அங்குலக் கனம், 10 அங்குல அகலப் பலகையில் படிபோல ஏற்றம் செய்வது. அடிப்பலகை 5 அடி, அதன்மேல் மூன்றரை அடி, அதன்மேல் 2 அடி, கடைசி முனைகள் ஒன்றாக இருக்கும்படி. மொத்தம் 6 அங்குல உயரம் கிடைக்கும். மேல் பலகையின் கடைசியில் 3 அங்குல உயரத்துக்கு ஒரு தடுப்புச் சட்டம் குறுக்காக. ஆணி வேண்டாம், திருகாணி போட்டு தலையை மரத்துக்குள் புதையுங்கள். அடிப்பலகையை நீளமாக விடுவதற்குக் காரணம் இருக்கிறது: இழுக்கும் சக்கரம் ஏறும்போது பலகையைப் பின்னால் உதைத்துத் தள்ளும். டயர் முதலில் அடிப்பலகையில் ஏறி நின்றுவிட்டால் காரின் கனமே பலகையைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் ஒருவர் நின்று கை காட்ட, முதல் கியரில் மெதுவாக ஏறுங்கள். ஏறியதும் பின் சக்கரங்களுக்குப் பின்னால் முட்டுக்கட்டை.

கடைக்கு வரும்போது "ஒரு கட்டை" என்று கேட்காமல் இப்படிக் கேளுங்கள்: 4 அங்குலச் சதுரச் சட்டம், ஒன்றரை அடியில் எட்டுத் துண்டு, எல்லாம் ஒரே அறுப்பில். 5 அங்குலத்தில் முட்டுக்கட்டை நான்கு. ஒரு அடிப் பலகை ஒன்று. இழைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நிலை அறுத்த மிச்சத்திலேயே பெரும்பாலும் தேறிவிடும், விலையும் குறையும். வீட்டுக்குக் கொண்டுபோனதும் தலைப்புகளுக்கு மட்டும் பெயின்ட் அடித்து வையுங்கள், வெடிப்பு ஓடாது. தரையில் போடாமல் ஷெல்ஃபில் வையுங்கள், கரையான் சுலபத்தில் ஏறாது.